கையொப்பம் இருட்டில் மறைகிறதா? டார்க் மோட் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய கடைவீடு ஒன்றின் இரண்டாம் மாடியில் ஒரு கணக்கு அலுவலகம் இருக்கிறது. அங்கே கணினி, மின்னஞ்சல் வேலைகளைப் பார்த்துக் கொடுப்பது நான்தான். போன மாதம் அலுவலகத்தை நடத்தும் அக்கா தன் கைப்பேசியை மேசைமேல் வைத்து என் பக்கமாகத் திருப்பினார்.

"தம்பி, இதுல என் பேரு எங்க இருக்குன்னு கண்டுபிடி."

கைப்பேசி டார்க் மோடில் இருந்தது, திரை முழுக்கக் கறுப்பு. மின்னஞ்சல் கடிதத்தின் வாசகம் வெள்ளை எழுத்தில் நன்றாகத் தெரிந்தது. அதன் அடியில், கையொப்பம் (அனுப்பியவரின் பேர், பட்டம், முகவரி, லோகோ அடங்கிய பகுதி) இருக்க வேண்டிய இடத்தில், பச்சை வட்டத்துக்குள் ஒரு வாட்சப் குறி மட்டும் தனியாக மிதந்தது. பேர் இல்லை, பட்டம் இல்லை, லோகோவும் இல்லை. திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றிச் சாய்த்துப் பார்த்தேன். கறுப்புக்குள்ளே கருஞ்சிவப்பாக லோகோவின் ஓரம் லேசாகத் தட்டுப்பட்டது. வரித்தாக்கல் நேரத்தில் புது வாடிக்கையாளர் ஒருவர், "இது யார் அனுப்பிய கடிதம்?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு அது உறுத்திவிட்டது. எனக்கும்தான். இருபது வருடமாகக் கட்டிக் காத்த பேர், ஒரு திரையின் நிறம் மாறியதும் அழிந்துபோவது சின்ன விஷயம் இல்லை.

அதற்கப்புறம் மற்ற வாடிக்கையாளர்களின் கையொப்பங்களையும் வரிசையாகத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் கெட்டிருந்தன. நான் சந்தித்த அறிகுறிகளையும், ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம், என்ன செய்தால் தீர்கிறது என்பதையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

எந்த ஆப் என்று முதலில் கேளுங்கள்

"டார்க் மோட்ல சரியா வரல" என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது எந்த ஆப், எந்தக் கருவி என்பதைத்தான். 2019-இல் ஐஓஎஸ் 13-உம் ஆண்ட்ராய்ட் 10-உம் டார்க் மோடைக் கைப்பேசி முழுவதற்கும் கொண்டுவந்தன. ஆனால் வந்த கடிதத்தின் நிறங்களை என்ன செய்வது என்பதற்கு இன்றுவரை பொது விதி கிடையாது. ஒவ்வொரு ஆப்பும் தன் வழியில் போகிறது. அந்த வழிகள் மூன்று.

முதல் வகை, கடிதத்தைத் தொடாது. சுற்றியுள்ள பட்டிகளும் பொத்தான்களும் கறுக்கும், கடிதம் வெள்ளைத் தாளாகவே இருக்கும். உலாவியில் ஜிமெயிலுக்குக் கறுப்புத் தீம் போட்டால் பொதுவாக இப்படித்தான்.

இரண்டாம் வகை பாதி புரட்டும். வெளிர் பின்னணியைக் கறுப்பாக்கி, கறுத்த எழுத்தை வெளுப்பாக்கும். ஏற்கெனவே கறுத்திருக்கும் பகுதியை விட்டுவிடும். கைப்பேசியில் அவுட்லுக் ஆப், உலாவியில் அவுட்லுக், ஆண்ட்ராய்டில் ஜிமெயில் ஆப் எல்லாம் இந்தப் பக்கம்.

மூன்றாம் வகை முழுதாகப் புரட்டும். வெள்ளை கறுப்பாகும், கறுப்பு வெள்ளையாகும். ஐபோனில் ஜிமெயில் ஆப்பும், விண்டோஸில் நிறுவிப் பயன்படுத்தும் பழைய அவுட்லுக்கும் இப்படி. தொல்லை அதிகம் வருவது இங்கிருந்துதான்.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு: படத்தை எந்த ஆப்பும் தொடுவதில்லை. எழுத்தும் பின்னணியும் நிறம் மாறும், படம் அனுப்பியபடியே நிற்கும். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு இதுதான் வேர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தேடினால் "பிரிஃபர்ஸ்-கலர்-ஸ்கீம்" என்ற மீடியா குவெரி (திரையின் நிலையைப் பார்த்து நிறத்தை மாற்றும் கட்டளை) வைத்து டார்க் மோடைக் கண்டுபிடித்துத் தனி நிறம் கொடுக்கும் வழிகள் நிறையக் கிடைக்கும். செய்திமடல் அனுப்புகிறவர்களுக்கு அது உதவும். கடிதத்தை வடிவமைக்கும் எச்டிஎம்எல் குறிமொழி முழுதும் அவர்கள் கையில் இருப்பதால், தலைப்பகுதியில் ஸ்டைல் (நிறம், அளவு சொல்லும் கட்டளைகள்) எழுதி வைக்க முடியும். கையொப்பம் அப்படிப்பட்டது இல்லை. அது இன்னொரு கடிதத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு போகிற துண்டு. ஜிமெயிலின் கையொப்பப் பெட்டியில் ஒட்டினால் ஸ்டைல் பகுதி அப்படியே உதிர்ந்துவிடும், வரிக்குள் எழுதிய ஸ்டைல் மட்டும் தங்கும். விண்டோஸின் பழைய அவுட்லுக் 2007 முதல் வேர்ட் மென்பொருளின் எஞ்சினை வைத்துக் கடிதத்தை வரைகிறது. அதற்கு அந்த மீடியா குவெரி புரியவே புரியாது. பதிலுக்குப் பதில் என்று கடிதம் நீளும்போது மிச்சம் மீதியும் போய்விடும். அதனால் கையொப்பத்தைப் பொறுத்தவரை என் முடிவு ஒன்றுதான்: இருட்டைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள், எந்தத் தரையில் வைத்தாலும் தெரிகிற மாதிரி செய்யுங்கள். கீழே உள்ள தீர்வுகள் எல்லாம் இதிலிருந்து வந்தவை.

அறிகுறி: லோகோ காணவில்லை, அல்லது பாதி எழுத்து மட்டும் தெரிகிறது

பின்னணி இல்லாத பிஎன்ஜி படம், அதில் கறுத்த நிறத்தில் எழுத்து. காரணம் இவ்வளவுதான். வெள்ளைத் தாளில் அழகாக இருக்கும், தாள் கறுத்ததும் கரைந்துவிடும்.

அக்காவின் கையொப்பத்தில் நடந்ததும் இதுவே, ஆனால் இன்னும் மோசமாக. வடிவமைத்தவர் பேர், பட்டம், முகவரி, லோகோ எல்லாவற்றையும் ஒரே பிஎன்ஜியாகச் செய்து கொடுத்திருந்தார். எழுத்தே படத்துக்குள் போய்விட்டதால் ஆப் அதைப் புரட்டவில்லை. கறுப்பு எழுத்து கறுப்புத் தரையில் தங்கிவிட்டது. வாட்சப் குறி பச்சை என்பதால் அது மட்டும் பிழைத்தது.

நிறத்தைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும். அவர்கள் லோகோவின் கருஞ்சிவப்புக்கு நிறக்குறியீடு #800000. வெள்ளைமேல் அதன் நிறமாறுபாட்டு விகிதம் (எழுத்துக்கும் தரைக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டின் அளவு) 10.9-க்கு 1. கறுப்புமேல் வெறும் 1.9-க்கு 1. சாதாரண அளவு எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க 4.5-க்கு 1 வேண்டும் என்பது வலை அணுகல் வழிகாட்டியின் அளவு. 1.9 என்பது கிட்டத்தட்ட இல்லாததற்குச் சமம்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, லோகோவைச் சுற்றி மெல்லிய வெள்ளை ஓரக்கோடு. படத்தை இரட்டை அளவில் செய்யும்போது 3 அல்லது 4 பிக்சல் தடிமன் போதும். வெள்ளைத் தாளில் அந்தக் கோடு கண்ணில் படாது, இருட்டில் லோகோவைத் தூக்கிக் காட்டும். தடித்த வடிவமும் பெரிய எழுத்தும் உள்ள லோகோவுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

மற்றொன்று, பின்தட்டு. லோகோவுக்குப் பின்னால் மூலை வளைந்த வெள்ளைச் சதுரம் ஒன்றைப் படத்துக்குள்ளேயே வரைந்துவிடுவது. நாலு பக்கமும் தாராளமாக இடம் விட வேண்டும். வெள்ளைத் தாளில் தட்டு கரைந்து லோகோ மட்டும் தெரியும். கறுப்பில், பெயரட்டை ஒன்றை ஒட்டிவைத்த மாதிரி நிற்கும். எனக்குப் பிடித்தது இந்த வழிதான். மெல்லிய எழுத்துள்ள லோகோவில் வெள்ளை ஓரக்கோடு போட்டால், எழுத்தின் உள்துளைகளை அது அடைத்துக்கொண்டு, கழுவாத கண்ணாடி வழியே பார்ப்பது போல் ஆக்கிவிடுகிறது.

அக்காவின் லோகோவுக்குத் தட்டுதான் போட்டேன். திரையில் 160 பிக்சல் அகலம் தெரிய வேண்டும் என்பதால் படத்தை 320-இல் செய்தேன், சுற்றிலும் 24 பிக்சல் இடம். எச்டிஎம்எல்லில் அகலத்தை ஸ்டைலில் மட்டும் எழுதாமல், படத்தின் அகலப் பண்பாகவும் 160 என்று கொடுங்கள். பழைய அவுட்லுக் மதிப்பது அந்தப் பண்பைத்தான். இல்லாவிட்டால் 320-ஐ அப்படியே பெரிதாகக் காட்டி, சரியாகச் செய்த வேலையையும் கெடுத்துவிடும்.

அப்புறம், பேர், பட்டம், தொலைபேசி எண், முகவரி எல்லாவற்றையும் படத்திலிருந்து வெளியே எடுத்து உண்மையான எழுத்தாக ஆக்கினேன். இதற்கு மாற்றே கிடையாது. எழுத்து எழுத்தாக இருந்தால்தான் ஆப் அதை இருட்டுக்கு ஏற்றபடி வெளுக்க முடியும். எண்ணைத் தட்டி அழைக்கவும், முகவரியை நகலெடுக்கவும் முடியும். கண் தெரியாதவர்களுக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டவும் முடியும்.

அறிகுறி: லோகோவைச் சுற்றிக் கண்ணைப் பறிக்கும் வெள்ளைப் பெட்டி

மேலே சொன்ன தட்டும் இதுவும் ஒன்றுதானே என்று தோன்றலாம். வித்தியாசம் இருக்கிறது. ஜேபெக் படத்தில் பின்னணி இல்லாமல் வைக்க வழியே இல்லை, ஆகவே லோகோவின் நுனியோடு வெட்டிய வெள்ளை நீள்சதுரம் இருட்டில் அப்படியே நிற்கும். எழுத்து ஓரத்தில் இடிக்கும், கைதவறி ஒட்டிய ஸ்டிக்கர் போல இருக்கும். நிறுவனத்திடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி, இடம் விட்டு, மூலை வளைத்துப் பிஎன்ஜியாக்குங்கள். மூலக் கோப்பு தொலைந்துவிட்டது என்றால் (பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள்), இருக்கும் படத்தைச் சுற்றி வெள்ளையைக் கூட்டி மூலையை மட்டும் வளைத்தாலே பார்வைக்குச் சரியாகிவிடும்.

எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி படமாகக் கொடுத்தால் துல்லியமாக இருக்குமே என்று ஒருவர் கேட்டார். ஜிமெயில் அதைக் காட்டாது. விட்டுவிடுங்கள்.

அறிகுறி: இரண்டு லோகோ வருகிறது

வெளிச்சத்துக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று என்று இரண்டு படங்களை வைத்து, ஸ்டைல் மூலம் ஒன்றை மறைக்கும் தந்திரத்தை யாரோ செய்திருக்கிறார்கள். மறைக்கும் கட்டளை புரியாத ஆப்பில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். ஒன்றை எடுத்துவிட்டு, மேலே சொன்ன தட்டுக்கு மாறுங்கள்.

அறிகுறி: நிறப்பட்டை வெளுத்துவிட்டது, அதன்மேல் இருந்த எழுத்து கறுத்துவிட்டது

கையொப்பத்தின் அடியில் கருநீலப் பட்டை, அதில் வெள்ளை எழுத்தில் நிறுவனப் பேர். இது பலருக்கும் பிடித்த அமைப்பு. முழுதாகப் புரட்டும் ஆப்பில் அந்தக் கருநீலம் வெளிர்நீலமாகவும், வெள்ளை எழுத்து கறுப்பாகவும் மாறிவிடும். படிக்க முடியும்தான், ஆனால் அது உங்கள் நிறுவனத்தின் நிறம் இல்லை.

பின்னணியைப் பூட்டிவைக்க ஒரு வழி சொல்வார்கள்: நிறத்தைப் பின்னணி நிறமாகக் கொடுக்காமல், ஒரே நிறத்திலிருந்து அதே நிறத்துக்குப் போகும் கிரேடியன்ட் (நிறம் படிப்படியாக மாறும் பூச்சு) படமாகக் கொடுப்பது. கிரேடியன்ட்டைப் படம் என்று எடுத்துக்கொள்ளும் ஆப் அதைப் புரட்டாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பின்னணி பூட்டியிருக்க, எழுத்து மட்டும் புரண்டால் என்ன ஆகும்? கருநீலத்தின்மேல் கறுப்பு எழுத்து. முன்பு அழகு மட்டும் கெட்டிருந்தது, இப்போது படிக்கவும் முடியாது. கையொப்பத்தில் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

நான் பட்டையை எடுத்துவிடச் சொல்வேன். நிறம் கட்டாயம் வேண்டும் என்றால், எழுத்துக்கு இடப்பக்கம் 4 பிக்சல் தடிமனில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். அது கொஞ்சம் வெளுத்தாலும் கறுத்தாலும் யாருக்கும் நட்டமில்லை, ஏனென்றால் அதன்மேல் எழுத்து எதுவும் இல்லை.

அறிகுறி: சில வரி தெரிகிறது, சில வரி தெரியவில்லை

எச்டிஎம்எல்லைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். ஒரு கட்டத்தில் எழுத்துக்கு மட்டும் நிறம் கொடுத்திருப்பார்கள், பின்னணி சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னொன்றில் பின்னணி வெள்ளை என்று இருக்கும், எழுத்துக்கு நிறம் இருக்காது. ஆப் சொல்லாததைத் தானாக நிரப்பும்போதுதான் இரண்டும் ஒத்துப்போகாமல் போகிறது.

விதி எளிது. இரண்டையும் சொல்லுங்கள், அல்லது இரண்டையுமே சொல்லாதீர்கள். கையொப்பத்துக்குச் சொல்லாமல் விடுவதே நல்லது. பேர், பட்டம், முகவரி ஆகிய முக்கிய வரிகளில் நிறமே குறிப்பிடாதீர்கள். கடிதத்தின் வாசகம் எந்த நிறத்தில் தெரிகிறதோ அதே நிறத்தில் உங்கள் பேரும் தெரியும். வெள்ளைத் தாளில் கறுப்பு, கறுப்புத் தாளில் வெள்ளை. வாசகம் படிக்க முடிகிற இடத்தில் பேரும் படிக்க முடியும் என்பதைவிடப் பெரிய உத்தரவாதம் எதுவும் இல்லை.

பழைய கையொப்பங்களில் வேர்டிலிருந்து வெட்டி ஒட்டியதன் மிச்சமாக, வெள்ளைப் பின்னணி வரிக்கு வரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தேடித் தேடி நீக்குங்கள். அலுப்பான வேலை, ஆனால் பாதிக் கோளாறு அதிலேயே தீரும்.

அறிகுறி: தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கருநீலமாக மங்கித் தெரிகின்றன

நீங்கள் இணைப்பு கொடுக்காவிட்டாலும், எண்ணைப் பார்த்ததும் ஐபோன் தானாகவே அதை இணைப்பாக்கி நீலம் பூசும். சில இடங்களில் அந்த நீலம் இருட்டில் படிக்கவே முடியாதபடி அமைந்துவிடுகிறது. சுத்த நீலத்துக்குக் கறுப்புமேல் விகிதம் 2.4-தான்.

இதற்குத் தீர்வு, இணைப்பை நீங்களே கொடுத்து, அதற்கு ஒரு நடுத்தர நிறத்தையும் வரிக்குள்ளேயே கொடுப்பது. அந்த நிறத்தைக் கணக்குப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு நிறத்துக்கு வெள்ளைமேல் உள்ள விகிதத்தையும் கறுப்புமேல் உள்ள விகிதத்தையும் பெருக்கினால் எப்போதும் 21 வரும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே தீரும். இரண்டும் சமமாக நிற்கும் இடம் 4.58. அதாவது இரண்டு தரையிலும் 4.5-ஐத் தொடும் நிறங்களுக்கு மிகக் குறுகிய இடைவெளிதான் உண்டு. #767676 என்ற சாம்பல் நிறம் அதற்குள் சரியாக உட்காருகிறது: வெள்ளைமேல் 4.54, கறுப்புமேல் 4.62. ஆப் அதைப் புரட்டினாலும் #898989 ஆகும், கறுப்பில் இன்னும் தெளிவாகத் தெரியும். நடுவில் இருக்கும் நிறத்தைப் புரட்டினால் அது நடுவிலேயேதான் விழும். எனக்கு இது கண்டுபிடித்த அன்று பெரிய நிம்மதியாக இருந்தது.

சாம்பல் பிடிக்காதவர்களுக்கு #008080 என்ற மயில்பச்சை நல்லது: வெள்ளைமேல் 4.8, கறுப்புமேல் 4.4. மஞ்சள் கலந்த பழுப்பு வேண்டுமானால் #996600: வெள்ளைமேல் 4.9, கறுப்புமேல் 4.25. பல ஆப்களின் இருட்டு சுத்தக் கறுப்பாக இல்லாமல் அடர்சாம்பலாக இருக்கும், அங்கே இந்த எண்கள் கொஞ்சம் குறையும். ஆகவே இந்த நிறங்களை இணைப்புகளுக்கும் பிரிப்புக் கோடுகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பேருக்கு வேண்டாம்.

அறிகுறி: நிறுவனப் பதிவு எண் தெரியவில்லை

இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. மலேசியாவின் 2016 நிறுவனங்கள் சட்டப்படி வணிகக் கடிதங்களில் நிறுவனப் பேரும் பதிவு எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும். 2019 அக்டோபர் 11 முதல் 12 இலக்கப் புது எண் வந்தது. பழைய எண்ணையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்துப் போடுவதால் வரி நீண்டுபோகிறது. நீண்டுபோவதால் வடிவமைப்பவர்கள் அதை 8 பிக்சலுக்குச் சுருக்கி வெளிர்சாம்பலில் ஒளித்துவிடுகிறார்கள். #999999 என்ற சாம்பலுக்கு வெள்ளைத் தாளிலேயே விகிதம் 2.85-தான். இருட்டு வருவதற்கு முன்பே அது படிக்க முடியாத வரி. நிறத்தை எடுத்துவிட்டு 12 பிக்சலாக்குங்கள்.

அறிகுறி: கியூஆர் குறி ஸ்கேன் ஆகவில்லை

மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், மின்னஞ்சலில் அனுப்பும் விலைப்பட்டியலுக்குக் கீழே, கையொப்பத்திலேயே பணம் செலுத்தும் டூயிட்நவ் சேவையின் கியூஆர் குறியை வைத்திருந்தார். வாங்குகிறவர் அங்கேயே பணம் செலுத்திவிடலாம் என்பது அவர் எண்ணம், நல்ல எண்ணம்தான். ஆனால் குறியைப் பின்னணி இல்லாத பிஎன்ஜியாக யாரோ வெட்டிக் கொடுத்திருந்தார்கள். கறுத்த கட்டங்கள் கறுத்த தரையில் மறைந்துவிட, ஸ்கேன் செய்யும் ஆப்புக்குப் பிடிக்க ஒன்றுமே இல்லை.

கியூஆர் குறிக்கு வெள்ளைப் பின்னணி அழகுக்காக வைத்தது இல்லை, அது குறியின் ஒரு பகுதி. சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் வேண்டும் என்பது அதன் தரவிதியிலேயே இருக்கிறது. வெள்ளையோடு சேர்த்து, வெற்றிடத்தோடு சேர்த்து ஒரே படமாகச் செய்யுங்கள். இருட்டில் வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தால் தெரியட்டும். செய்துமுடித்ததும் உங்கள் கைப்பேசியை டார்க் மோடில் வைத்துக் கடிதத்தைத் திறந்து, இன்னொரு கைப்பேசியால் ஸ்கேன் செய்து பாருங்கள். பணம் உங்கள் கணக்குக்குத்தான் போகிறதா என்று பார்க்க ஒரு ரிங்கிட் அனுப்பிப் பார்ப்பதும் நல்லது. அண்ணன் கடையில் அப்படித்தான் செய்தோம்.

அறிகுறி: இருட்டில் அழகாக இருக்கிறது, வெளிச்சத்தில் ஒன்றுமே இல்லை

இது தலைகீழ் நோய். செய்தவர் தன் கணினியை டார்க் மோடில் வைத்து, உலாவியில் கறுப்பாகத் தெரிந்த மாதிரியை அப்படியே நகலெடுத்துக் கையொப்பப் பெட்டியில் ஒட்டியிருப்பார். உலாவி அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்த வெள்ளை நிறத்தையும் எழுத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடும். அவர் திரையில் சரியாக இருக்கும். வெள்ளைத் தாளில் திறப்பவருக்கோ வெள்ளைமேல் வெள்ளை.

தான் அனுப்பியதைத் தன் கணினியில் மட்டுமே பார்ப்பவர் இதை ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றுக்கு உதிரிப்பாகம் விற்பவர் ஒருவர், வாங்குகிறவர் சொல்லும்வரை பல வாரம் பேரே இல்லாமல் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தார். கணினியையும் உலாவியையும் வெளிச்ச முறைக்கு மாற்றிவிட்டுப் பிறகு நகலெடுங்கள். ஏற்கெனவே ஒட்டியதைச் சரிசெய்ய, கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி வெறும் எழுத்தாக ஒட்டி, வடிவத்தை மறுபடி கொடுங்கள்.

அறிகுறி: தமிழ் வரி மட்டும் கலங்கலாக இருக்கிறது

பேரைத் தமிழிலும் போடச் சொல்லும் வாடிக்கையாளர்கள் எனக்கு நிறைய உண்டு, அது எனக்கு மகிழ்ச்சியான வேலை. பல இடங்களில் அந்தத் தமிழ் வரியை மட்டும் படமாக்கிவிடுகிறார்கள். எல்லார் கணினியிலும் தமிழ் தெரியாது என்ற பழைய பயம் அதற்குக் காரணம். அந்தக் காலம் போய்விட்டது. விண்டோஸில் நிர்மலா யூஐ எழுத்துரு இருக்கிறது. ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ் எழுத்துரு இருக்கிறது. ஆப்பிள் கருவிகளில் இருக்கும் இணைமதி, நம்ம மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கியது. ஆகவே தமிழை எழுத்தாகவே வையுங்கள். படமாக இருந்தால் ஆங்கில வரி வெளுக்கும், தமிழ் வரி மறையும்.

கறுப்புமேல் வெள்ளை எழுத்து கொஞ்சம் தடித்து, ஒளி பரவியது போலத் தெரியும். ஆங்கில எழுத்து இதைத் தாங்கிக்கொள்ளும். ண, ணை, ஞ போன்ற சுழிகள் உள்ள தமிழ் எழுத்துகளில் உள்துளை அடைபடும். தடித்த எழுத்தாக்காதீர்கள், 14 பிக்சலுக்குக் கீழே இறக்காதீர்கள். பேரை எடுத்துக்காட்ட வேண்டும் என்றால் தடிமனைக் கூட்டாமல் அளவை 16-ஆக்குங்கள். அக்காவின் பேரில் இரண்டு ணகரம் இருக்கிறது. 12 பிக்சல் தடித்த எழுத்தில் இரண்டும் கறைபோல இருந்தன. 16 பிக்சல் சாதாரண எழுத்தில் மூன்று சுழியையும் எண்ணலாம்.

அறிகுறி: சரிசெய்துவிட்டேன், ஆனால் பழையதுதான் வருகிறது

ஜிமெயில் 2013 டிசம்பர் முதல் படங்களைத் தன் சர்வர் வழியாகக் கொண்டுவந்து காட்டுகிறது. அதே கோப்புப் பேரில் புது லோகோவை ஏற்றினால், சேமித்து வைத்த பழையதே தொடர்ந்து வரலாம். கோப்பின் பேரை மாற்றி, கையொப்பத்திலும் முகவரியை மாற்றுங்கள்.

பழைய அவுட்லுக்கில் வேறு காரணம். கையொப்பத்தை எச்டிஎம், ஆர்டிஎஃப், டெக்ஸ்ட் என்று மூன்று கோப்புகளாக அது வைத்திருக்கும். எச்டிஎம் கோப்பை நீங்கள் கையால் திருத்திய பிறகு, யாராவது அவுட்லுக்கின் கையொப்பப் பெட்டியைத் திறந்து சேமி என்று அழுத்தினால், வேர்ட் பாணியில் மறுபடி எழுதிவிடும். நீக்கிய வெள்ளைப் பின்னணி மாதிரியான குப்பை திரும்ப வந்துசேரும். அலுவலகத்தில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்: மாற்ற வேண்டுமென்றால் கேளுங்கள், பெட்டிக்குள் போய்ச் சேமிக்காதீர்கள்.

முடித்ததும் சோதித்துப் பார்ப்பது

நான்கு இடத்தில் பார்த்தால் போதும்: ஐபோனில் ஜிமெயில் ஆப், ஆண்ட்ராய்டில் ஜிமெயில் ஆப், ஐபோனின் சொந்த மெயில் ஆப், விண்டோஸில் பழைய அவுட்லுக். அவுட்லுக்கில் கறுப்புத் தீம் போட்ட பிறகு, கடிதத்தின் மேலே சூரியன் அல்லது நிலா வடிவில் ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தினால் அந்தக் கடிதத்தை மட்டும் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் மாற்றிப் பார்க்கலாம். மேக் கணினியில் மெயில் அமைப்புகளில், கடிதங்களுக்கு இருண்ட பின்னணி வேண்டுமா என்று கேட்கும் ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டும் எடுத்தும் பாருங்கள்.

புதுக் கடிதம் ஒன்றை மட்டும் அனுப்பிப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். அதற்குப் பதில் எழுதி, அந்தப் பதிலுக்கும் பதில் எழுதி, மூன்றாவது கடிதத்தில் கையொப்பம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நாள் முழுக்க நாம் அனுப்புவதில் பெரும்பாலானவை பதில்கள்தாம். அதோடு படங்களைத் தடுத்துவைத்தும் ஒருமுறை திறந்து பாருங்கள். படம் வராத இடத்தில் மாற்று எழுத்தாக நிறுவனப் பேர் வர வேண்டும், கோப்பின் பேர் வரக்கூடாது.

அக்காவின் கையொப்பத்தை இப்படி நான்கு இடத்திலும் பார்த்துவிட்டு, மாலையில் மறுபடி அந்தப் படிகளில் ஏறிப் போனேன். விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்தார். கைப்பேசியை எடுத்து, வந்திருந்த சோதனைக் கடிதத்தைத் திறந்தார். இருட்டு அறையில், கறுத்த திரையில், அவர் பேர் முதலில் தமிழிலும் அதன் கீழே ஆங்கிலத்திலும் வெள்ளையாக நின்றது. பக்கத்தில் வெள்ளைத் தட்டின்மேல் கருஞ்சிவப்பு லோகோ. விரலால் தன் எண்ணைத் தட்டினார். மேசைமேல் இருந்த அலுவலகத் தொலைபேசி அடித்தது.

"சரி தம்பி," என்றார், "நாளைக்கு மத்த ஏழு பேருக்கும் இதையே போட்டுடு."